மண்டபத்துச் சாவியை எங்கள் பிள்ளைகளுக்குத் திருப்பித் தாருங்கள்

2022 மார்ச் 16

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் சமூக மண்டபத்தை நிர்வகிக்கும் குழுவினருக்கு,

போன சனிக்கிழமை பின்னேரம் மண்டபத்தின் பின்பக்கத்து ஸ்டோர் அறையைக் காவலாளி அண்ணன் எனக்குத் திறந்து காட்டினார். "மிஸ், பார்த்திட்டுக் கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திறந்தார். எங்கள் கராத்தே வகுப்புக்குத் தரையில் விரிக்கும் நாற்பது ரப்பர் மெட்டுகளும் வெறுந்தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அடியில் இருந்த ஒன்பதில் கறுப்புப் பூஞ்சணம். ஓரங்களை எலி கடித்திருந்தது. குவியலுக்கு மேலே மணவறைத் தூண்கள் நான்கும் பிளாஸ்டிக் பூமாலை மூட்டை ஒன்றும். அந்த மெட்டுகள் 2018இல் பதினெட்டுப் பெற்றோர் சீட்டுக் கட்டி வாங்கித் தந்தவை. நான் ஸ்டோரில் நின்ற அதே நேரம் மண்டபத்துக்குள் கலியாண வரவேற்பு நடந்துகொண்டிருந்தது. ஏசிக்காக எல்லா ஜன்னல்களையும் அடைத்திருந்தார்கள்.

இந்த மண்டபத்தில் பத்து வயதில் வெள்ளை பெல்ட் கட்டியவள் நான். அது 1995. இப்போது பகலில் புறக்கோட்டையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன், 2011 முதல் செவ்வாயும் சனியும் இங்கே பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுத்தேன் என்றுதான் எழுத வேண்டும். 2020 அக்டோபரில் நிறுத்திய வகுப்பு பதினேழு மாதமாக இந்த வாசலுக்குள் வரவில்லை.

நவம்பரிலிருந்து உங்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்குப் பெப்ரவரி கடைசியில் நாலு வரியில் பதில் வந்தது: உடல் தொடுகை உள்ள பயிற்சிகளுக்கு மறு அறிவித்தல் வரை மண்டபம் வழங்கப்பட மாட்டாது, வகுப்பை ஒன்லைனில் தொடரலாம், மெட்டுகளை வைத்திருந்ததற்காக மாதம் 2,000 ரூபாய்ப்படி 34,000 ரூபாய் கட்ட வேண்டும். இந்தப் பதிலை வாயை மூடிக்கொண்டு ஏற்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். கொரோனாவை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. 2020 மார்ச்சில் நாட்டின் முதல் உள்ளூர் நோயாளி அடையாளம் காணப்பட்ட அந்த வாரமே, நீங்கள் சொல்வதற்கு முன்னரே, வகுப்பை நாங்களாக நிறுத்தினோம். ஊரடங்கு எடுபட்டு, பள்ளிக்கூடங்கள் மெல்லத் திறந்த பிறகு ஓகஸ்ட் மாதம் மறுபடி தொடங்கி ஏழே ஏழு வாரம் நடத்தினோம். அக்டோபரில் மினுவாங்கொடையில் ஒரே இடத்தில் பலருக்கு நோய் பரவிய கொத்தணி, அடுத்ததாகப் பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி. மாதக் கடைசியில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், புளூமெண்டல், கிராண்ட்பாஸ் எல்லாம் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்குள் போயின. தெரு முனையில் தடுப்புக் கட்டையும் பொலிசும் நின்ற அந்த வாரங்களை நீங்களும் இங்கேதான் இருந்து பார்த்தீர்கள்.

2021 ஓகஸ்டில் நிலைமை இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் இடமில்லாமல் சனம் வீட்டிலேயே படுத்த நாட்கள் அவை. பெல்ட் சோதனைக்கென்று சேர்த்துவைத்த பணத்தில் வகுப்பின் பெயரில், இரத்தத்தில் ஒக்சிசன் அளவு பார்க்கும் ஒக்சிமீற்றர் ஒன்று வாங்கினோம். விரலில் மாட்டும் அந்தச் சின்னச் சாமான் அந்த ஒரு மாதத்தில் பதினொரு வீடு போனது. ஒரு வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு மணி அடிப்பார்கள், அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்து எடுத்துப் போவான். என் அம்மாவின் விரலில் 88 காட்டிய இரவையும் அது பார்த்தது. அம்மா பிழைத்தார். அந்தப் பதினொரு வீட்டில் ஒரு வீட்டுத் தாத்தா பிழைக்கவில்லை. இந்த நோய் என்ன செய்யும் என்பது எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் இன்றைக்கு மண்டபத்தில் என்ன நடக்கிறது? தை மாதத்திலிருந்து நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். ஞாயிறு காலையில் உயர்தர மாணவர்களுக்கு ரியூஷன், ஒரு வாங்கில் ஐந்து பேர், முழங்கையோடு முழங்கை. மாதத்தில் மூன்று நாலு கலியாணம், பூப்புனித நீராட்டு விழா. வெள்ளிக்கிழமைகளில் ஒரு நடன ஒத்திகை. எதையும் நான் குறை சொல்லவில்லை, எல்லோரும் பிழைக்க வேண்டும். பள்ளிக்கூடங்களும் திறந்துவிட்டன. எங்கள் வகுப்பில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் எல்லோரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள், நானும் உதவி ஆசிரியர்களும் மூன்றாவது ஊசியும் போட்டுவிட்டோம். மாஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நூற்றைம்பது பேர் பிரியாணி சாப்பிடக்கூடிய மண்டபத்தில், ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தள்ளித்தள்ளி நிற்கக் கூடாது என்று நீங்கள் சொல்வது எந்தக் கணக்கில் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்லைனில் தொடரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தொடர்ந்தோம். பதினேழு மாதம் அதைத்தான் செய்தோம். அது எப்படிப் போனது என்று கேளுங்கள்.

கட்டா என்றால் ஒழுங்கு மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். ஹெய்யான் ஷோடான் என்பது பிள்ளைகள் படிக்கும் முதல் கட்டா. இருபத்தொரு அசைவு. இடது பக்கம் திரும்பித் தொடங்கி, வலது பக்கம் போய், பிறகு நடுவில் நேராக மூன்று எட்டு வைத்து முகத்துக்கு மேலே கையை உயர்த்தித் தடுக்க வேண்டும். அகே உக்கே என்போம். மூன்றாவது எட்டில் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வர வேண்டும், அதுதான் கியாய். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கிற ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இந்தக் கட்டாவை முழுக்க முழுக்க சூமில்தான் படித்தான். அவர்கள் வீட்டில் முன்னறை ஒன்றுதான், அதில் ஐந்து பேர். அம்மாவின் கைத்தொலைபேசியைத் தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பழகுவான். திரையில் எனக்கு அவன் இடுப்புக்கு மேலேதான் தெரியும். நன்றாகச் செய்கிறான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பரில் எட்டுப் பிள்ளைகளை விகாரமாதேவி பூங்காவுக்குக் கூட்டிப் போனோம். அவன் தொடங்கினான், திரும்பினான், நடுவில் முதல் எட்டு, இரண்டாவது எட்டு, அதோடு சட்டென்று பின்பக்கம் திரும்பிவிட்டான். கியாய் இல்லை. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடியும் இரண்டுதான். "மூன்றாவது எங்கே தம்பி?" என்று கேட்டேன். "மூன்றாவதுக்கு அலுமாரி மிஸ்" என்றான்.

பிறகு மற்றவர்களையும் கவனித்தேன். எட்டுப் பேரில் ஐந்து பேருடைய கட்டா அவரவர் வீட்டு அறையின் அளவுக்குக் குறுகிப்போயிருந்தது. ஒருத்தி எடுத்து வைக்கும் காலடியையே பாதியாக்கிவிட்டாள். தொடர்மாடியில் நாலாம் மாடியில் இருக்கிற ஒருத்தி கியாயைக் காற்றாக விட்டாள், உதடு மட்டும் அசைந்தது. பக்கத்து அறையில் அப்பம்மா சுகமில்லாமல் படுத்திருப்பதால் பதினான்கு மாதமாக அவள் சத்தம் போடாமல்தான் பழகியிருக்கிறாள். பூங்காவில் எவ்வளவு சொல்லியும் அவளுக்குச் சத்தம் வரவில்லை. அன்று நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

இந்தக் கட்டாக்கள் பிள்ளைகளுக்காகவே உண்டானவை. ஜப்பானின் தெற்கே உள்ள ஒகினாவாவில் இதோசு அன்கோ என்ற ஆசான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டுபோனார். பள்ளிப் பிள்ளைகள் பழகுவதற்கென்றே ஐந்து கட்டாக்களை ஒழுங்குபடுத்தித் தந்தார். அவருடைய மாணவர் புனகோஷி கிச்சின்தான் பின்னர் அவற்றுக்கு ஹெய்யான் என்று பெயர் வைத்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று, பக்கத்தில் நிற்பவனின் காலைப் பார்த்துத் தன் காலைத் திருத்திக்கொண்டு, ஒரே எண்ணிக்கைக்கு எல்லோரும் அசைந்து படிக்கிற பாடம் அது. அதற்கு ஒரு தரை வேண்டும். டோஜோ என்ற சொல்லுக்கே வழியைப் பழகும் இடம் என்றுதான் பொருள்.

அதெல்லாம் போக, போன மாதத்திலிருந்து மின்வெட்டு. இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேலும் போனது, அதுவும் பிரிவு பிரிவாக. ஒரு பிள்ளைக்குக் கரண்ட் இருக்கும்போது அடுத்த தெருப் பிள்ளைக்கு இல்லை. சூம் இலவசக் கணக்கு நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும், மறுபடி சேர்வதற்குள் பாதிப் பேரின் டேட்டா முடிந்துவிடும். டேட்டாவுக்கு ரீலோட் போடுவதா பால்மா வாங்குவதா என்று யோசிக்கிற வீட்டுக்கு, வகுப்பை ஒன்லைனில் தொடரலாம் என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? முப்பத்துநாலு பிள்ளைகள் இருந்த வகுப்பில் இன்று திரையில் வருவது ஒன்பது பேர். பெண்பிள்ளைகள் பதினான்கு பேரில் மூன்று பேர்தான் மிச்சம்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் வயதுக்கு வந்த பெண்பிள்ளையை விளையாட அனுப்புகிற வீடுகள் குறைவு. இந்த மண்டபத்துக்கு அனுப்பினார்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கதவு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, சொல்லிக்கொடுப்பது ஒரு பெண், வாசலில் தெரிந்த காவலாளி. இந்த ஐந்தும் சேர்ந்து இருந்ததால்தான் அனுப்பினார்கள். நீங்கள் சாவியை வைத்துக்கொண்டபோது ஐந்தும் ஒன்றாகப் போயிற்று. ஜனவரியில் காலிமுகத்திடலில் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நடத்திப் பார்த்தேன். ஆண்பிள்ளைகள் பஸ்ஸில் வந்தார்கள். பெண்பிள்ளைகளில் ஒரேயொருத்தி வந்தாள், அவளுடைய அப்பாவும் கூடவே வந்து முடியும்வரை நின்றார். மூன்றாவது வாரம் ஓட்டோவுக்குப் பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று அவரும் நிறுத்திவிட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உங்கள் முக்கிய காரணத்துக்கு வருகிறேன். உடல் தொடுகை. கராத்தே என்றால் இரண்டு பேர் கட்டிப் புரள்வது என்று உங்களில் சிலர் நினைப்பதாகத் தெரிகிறது. எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை சேர்ந்து முதல் ஆறு மாதம் யாரையும் தொடுவதில்லை. நிற்பது, நடப்பது, காற்றில் குத்துவது, கட்டா. அவ்வளவுதான். அதன் பிறகு இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தும்போதும், முதலில் சொல்லிக்கொடுப்பது தூரம். ஜப்பானியச் சொல்லில் மாஆய். எதிரே நிற்பவரின் முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் கைமுட்டியை நிறுத்த வேண்டும். பட்டுவிட்டால் தவறு, எட்ட நின்றாலும் தவறு. முழு வேகத்தில் போன கையைத் தானே பிடித்து நிறுத்தத் தெரிந்த பிள்ளையின் முகத்தை நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எதிரே நின்ற பிள்ளை கண்ணைச் சிமிட்டாமல் நிற்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் எந்தத் திரையிலும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஏனென்றால் அங்கே எதிரே ஆள் இல்லை.

இரண்டு வருடமாக இந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கிட்டப் போகாதே, தொடாதே, தள்ளி நில். சொல்ல வேண்டியிருந்தது, சொன்னோம். இனி இன்னொருவருக்கு எதிரே பயமில்லாமல், ஒழுங்கோடு எப்படி நிற்பது என்று யாராவது அவர்களுக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்காகவே இருக்கிற ஒரு கலையை நீங்கள் கடைசி வரிசையில் வைத்திருக்கிறீர்கள்.

2021 ஓகஸ்டில், கொழும்பு கிடந்த கிடையில், டோக்கியோவில் கராத்தே முதன்முறையாக ஒலிம்பிக்கில் நடந்தது. நிப்பொன் புடோக்கனில், பார்வையாளர் இல்லாமல். ஒகினாவாவைச் சேர்ந்த கியுனா ரியோ கட்டாவில் தங்கம் வாங்கியதை எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்தார்கள். மேடையில் அவர் காலமான தன் அம்மாவின் படத்தைக் கையில் வைத்திருந்தார். அன்று இரவு வட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளை குரற்பதிவு போட்டிருந்தாள்: "மிஸ், நாங்க எப்ப ஹோலுக்குப் போறது?" நான் சீக்கிரம் என்று பதில் போட்டேன். ஏழு மாதம் ஆகிறது.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுகிறேன். கலியாணத்துக்கு மண்டபம் கொடுத்தால் வருகிற பணமும் எங்கள் வகுப்பு தருகிற வாடகையும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையிடம் மாதம் 600 ரூபாய் வாங்குகிறேன், இயலாத வீட்டில் அதையும் வாங்குவதில்லை. மண்டபப் பராமரிப்புக்குப் பணம் வேண்டும், விலைவாசி ஏறிவிட்டது, எல்லாம் சரி. ஆனால் வாசலில் நுழைந்ததும் வலது பக்கம் சுவரில் ஒரு பளிங்குக் கல் இருக்கிறது. பெயின்ற் அடிக்கும்போது அதன் ஓரத்தில் கொஞ்சம் பட்டு, கீழ் வரி மங்கிப்போயிருக்கிறது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு வாசித்தேன்: "இப்பகுதிச் சிறுவர், இளைஞர் நலனுக்காக." இந்தக் காணியைக் கொடுத்தவர்களும் கல்லும் மண்ணும் சுமந்தவர்களும் அந்த வரிக்காகத்தான் கொடுத்தார்கள். என் அப்பாவும் சீமெந்து மூட்டை சுமந்தவர். அந்தப் பிள்ளைகளிடமே, அவர்களுடைய மெட்டை எலி கடிக்க விட்டுவிட்டு, வைத்திருந்ததற்கு 34,000 ரூபாய் கேட்பது அநியாயம். அதற்கு வேறு நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது இவை.

ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமையிலிருந்து செவ்வாயும் சனியும் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை மண்டபத்தை எங்களுக்குத் தாருங்கள். ஒரு நேரத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் உள்ளே இருக்க மாட்டார்கள், இரண்டு குழுவுக்கும் நடுவில் இருபது நிமிடம் இடைவெளி விடுவோம். ஜன்னல்கள் எட்டும் திறந்திருக்கும், ஏசி வேண்டாம். முதல் எட்டு வாரம் சோடி சேர்ந்த பயிற்சி எதுவும் இல்லை, அடிப்படையும் கட்டாவும் மட்டும். மாஸ்க் இருக்கும், கையுறையை மாற்றிப் போட விடமாட்டோம், யார் எந்த நாள் வந்தார்கள் என்று கொப்பியில் எழுதி வைப்போம். காய்ச்சல், தடிமன் என்றால் வீட்டிலேயே நிற்க வேண்டும் என்பது ஏற்கனவே எங்கள் விதி. பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நீங்களே கூப்பிட்டு முதல் வகுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் இன்னும் எதைத் திருத்தச் சொன்னாலும் திருத்துகிறோம்.

இதற்குப் பிறகும் மறுப்பதென்றால், காரணத்தை எழுத்தில் தாருங்கள். அந்தக் காரணம் கலியாணத்துக்கும் ரியூஷனுக்கும் அதே மாதிரிப் பொருந்த வேண்டும். "மறு அறிவித்தல் வரை" என்று எழுதாமல் ஒரு திகதி போடுங்கள்.

34,000 ரூபாய்க் கேள்வியை மீளப்பெறுங்கள். பழுதான ஒன்பது மெட்டுகளுக்கும் குழு பொறுப்பேற்க வேண்டும். மிச்சம் முப்பத்தொன்றையும் இந்த வாரமே மரப்பலகைமேல் ஏற்றி வைக்க அனுமதி தாருங்கள், தூக்க ஆட்களை நாங்களே கொண்டுவருகிறோம். இந்த வருடக் கடைசிவரை பழைய வாடகையே இருக்கட்டும்.

மார்ச் 31க்கு முன் ஒரு மாலை பெற்றோரைச் சந்தியுங்கள். மெட்டு வாங்கித் தந்த அந்தப் பதினெட்டுப் பேரில் பன்னிரண்டு பேர் வருவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவதுக்கு அலுமாரி என்று சொன்ன அந்தப் பையனையும் கூட்டி வருவேன். பேச்சு தொடங்குவதற்கு முன் மண்டபத்தின் நடுவில் ஒரு தடவை அவன் ஹெய்யான் ஷோடான் செய்ய இடம் விடுங்கள்.

இந்த மண்டபத்தின் கராத்தே வகுப்பு ஆசிரியை
கொழும்பு 13